மதிலிலிருந்து எத்தனை அடி?

சென்ற ஆனித் திங்களில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், நன்னூற் பாடத்தை முடித்து மாணாக்கரை அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். பாடசாலை வாயிலில் நிற்கும் வேப்பமரத்தின் கீழே ஓர் அம்மையார் காத்துநின்றார். முகம் தெரிந்த முகம். நான்கு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவனின் தாய்.

“ஐயா, பெடியனைப் பிடிச்சுப்போட்டாங்கள். தூளாம். பள்ளிக்கூட வேலிக்குக் கிட்டப் பிடிபட்டதால தண்டனை இரட்டிப்பாம் எண்டு சனம் கதைக்குது. மெய்யோ ஐயா?”

என்னிடம் இவ்வினாவைக் கேட்டதற்குக் காரணம் நான் படித்தவன் என்பதே. யாப்பில் ஐயம் வினவியிருந்தால் நின்ற நிலையில் விடை கூறியிருப்பேன். குற்றவியற் சட்டத்திலோ எனக்கு அரிச்சுவடியுந் தெரியாது. “விசாரிச்சுச் சொல்லுறன், தங்கச்சி” என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றுங் கேளாமல் பஸ் நிற்குமிடத்தை நோக்கி நடந்தார்.

அம் மாணவனை நன்கு நினைவிருந்தது. வெண்பாவைச் சீர் பிரித்து அலகிடுவதில் வகுப்பிலே அவனுக்கு நிகரில்லை. 2009ஆம் ஆண்டு செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்குத் தாயின் இடுப்பிலிருந்து சென்றபோது அவனுக்கு வயது மூன்று. தந்தை அவ்வாண்டின் வைகாசிக்குப் பின் திரும்பவில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கூலி வேலைக்குப் போனான் என்று கேள்விப்பட்டிருந்தேன். இப்பொழுது வயது பத்தொன்பது. எங்கள் ஊரை அடுத்த குளக்கட்டுக் கிராமத்தில், ஒரு சிறு பாடசாலையின் பின்வேலியை ஒட்டிச் செல்லும் ஒழுங்கையில், இரவு ஒன்பது மணியளவில் பிடிபட்டான். அவனிடம் இருந்தது ஒரு கிராமிலும் குறைந்த ஹெரோயின். ஒன்பது மணிக்கு அப் பாடசாலையில் இருந்தவை கட்டாக்காலி மாடுகள் இரண்டுதாம்.

என் பழைய மாணாக்கர்களுள் ஒருவர் இன்று வவுனியாவிற் சட்டத்தரணி. அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்குச் சென்றேன். வினாவைக் கேட்டதும் அவர் சிரித்தார். “ஐயா, அது அமெரிக்காச் சட்டம். எங்கட சட்டம் தூரத்தை அளக்கிறேல்லை, நிறையை நிறுக்குது” என்றார். அவர் அன்று விளக்கியதையும், அதன்பின் நானே தேடிப் படித்ததையும் ஈண்டுத் தொகுத்துரைக்கின்றேன். ஏனெனில் அந்த அம்மையார் கேட்ட வினா அவரோடு முடிவதன்று. பாடசாலைச் சூழலுக்கெனத் தனிச்சட்டம் வேண்டும் என்று ஆசிரியர் கூட்டங்களில் நாமும் அடிக்கடி முழங்குகின்றோம்.

நம் நாட்டில் இவ்விடயத்தை ஆள்வது 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபினி, அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச் சட்டம். வெள்ளையர் ஆட்சியிற் பிறந்த அச்சட்டத்துக்குக் கூரிய பல் முளைத்தது 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தத்தாலேயாம். அதன்படி ஹெரோயின் 2 கிராம், கொக்கெயின் 2 கிராம், மோர்பின் 3 கிராம், அபினி 500 கிராம் என்னும் அளவை எட்டினால் மரணதண்டனை, அன்றேல் ஆயுட்சிறை. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம், ‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெற்றமினையும் 5 கிராம் என்ற அளவோடு இவ்வரிசையிற் சேர்த்தது. (ஐஸ் என்றால் பழக் கடையிற் சர்பத்துக்கு இடும் பனிக்கட்டி என்று நினைத்திருந்த தலைமுறை என்னுடையது. இன்று பெற்றோர் கூட்டத்தில் அச்சொல்லை உச்சரித்தாற் தாய்மார் முகம் வெளிறுகின்றது.) நம் நாட்டில் 1976ஆம் ஆண்டுக்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆயினும் நீதிமன்றங்கள் அத்தீர்ப்பை வழங்கியே வருகின்றன.

ஆகவே இங்கே குற்றப்பத்திரத்தின் தலைவிதி தராசுத் தட்டில் இருக்கின்றது. கைப்பற்றிய தூளில் மாவும் கலந்திருக்கும், மருந்துக் குளிசையும் அரைத்துக் கலந்திருக்கும். அதனை அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிரித்தறிந்து தூய நிறை இவ்வளவு என்று அறிக்கை தருவார். அவ்வறிக்கையைக் கொண்டே எம் மன்றத்தில் எந்தக் குற்றச்சாட்டு என்பது முடிவாகும். அறிக்கை வரும்வரை சந்தேகநபர் விளக்கமறியலிற் கிடப்பதும் உண்டு. என் மாணவன் அவ்வாறு சில கிழமைகள் கிடந்தான். அக்கட்டளைச் சட்டத்தின் தண்டனை அட்டவணையில் நிறை உண்டு. பாடசாலை வேலியிலிருந்து எத்தனை அடி என்ற கணக்கு அதில் இல்லை. தண்டனை விதிக்குங்கால் குற்றம் நடந்த இடத்தை நீதிபதி கருதலாம். ஆனால் இரட்டிப்பு என்னும் வாய்பாடு இல்லை. அம்மையாருக்கு இவ்வளவையும் நான்கு சொல்லிற் கூறி அனுப்பினேன்.

கூறிய பின்னும் என் மனம் அமைதியுறவில்லை. வேலியோரத்து வதந்தி எங்கிருந்து முளைத்தது? அந்த அமெரிக்கச் சட்டந்தான் யாது? பிள்ளைகளைக் காக்க எழுந்த சட்டமாயின் அதனை நாமும் வரவேற்க வேண்டியதன்றோ?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் காங்கிரஸ் 1984ஆம் ஆண்டில் இயற்றிய குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலே இது முதன்முதற் புகுந்தது. பாடசாலை ஒன்றிலிருந்து 1,000 அடிக்குள், அஃதாவது ஏறத்தாழ 305 மீற்றருக்குள், போதைப்பொருள் விற்பவனுக்கு உச்சத் தண்டனை இருமடங்காகும். 1986இலும் 1988இலும் அது விரிந்தது. கல்லூரிகளும் விளையாட்டுத் திடல்களும் ஆயிரம் அடி வட்டத்துட் சேர்ந்தன. இளைஞர் நிலையம், பொது நீச்சற்குளம், வீடியோ விளையாட்டுக்கூடம் ஆகியவற்றைச் சுற்றி 100 அடி வட்டம் எழுந்தது. விற்றவன் மட்டுமன்றி, விற்கும் எண்ணத்தோடு வைத்திருந்தவனும் அகப்பட்டான். குறைந்தது ஓராண்டுச் சிறை கட்டாயம் என்றும் விதித்தார்கள். 5 கிராமுக்கு மேற்படாத கஞ்சாவுக்கு மட்டும் அக்கட்டாயத்தினின்று விலக்கு. நடுவணரசின் சட்டத்தைப் பின்பற்றி மாநிலங்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கு ஏற்ற வட்டங்களை வரைந்துகொண்டன.

அளப்பது எவ்வாறு என்னும் வினா விரைவிலேயே நீதிமன்றத்துக்கு வந்தது. நடக்கும் பாதை வழியே அளப்பதா, காகம் பறக்கும் நேர்கோட்டில் அளப்பதா? 1985ஆம் ஆண்டளவில் மேன்முறையீட்டு நீதிபதிகள் நேர்கோடு என்றார்கள். ‘அங்கே பாடசாலை உண்டென்பதை அறியேன்’ என்ற எதிர்வாதமும் செல்லாது என்றார்கள். பாடசாலை திறந்திருந்ததா, பூட்டியிருந்ததா, பகலா, நள்ளிரவா என்பனவும் நடுவணரசுச் சட்டத்திற்குப் பொருட்டல்ல. வாங்கியவன் ஐம்பது வயதுக் கிழவனாயினும் வட்டம் வட்டமே. சுருங்கச் சொல்லின், ஒரே பொதி, ஒரே நிறை, ஒரே ஆள். தெருவின் இப்பக்கம் நின்றால் ஒரு தண்டனை, அப்பக்கம் நின்றால் மற்றொன்று.

இது குற்றச்சாட்டைத் தொடுப்போர் கையிற் கொடுத்த கருவியையும் எண்ணவேண்டும். சாதாரணக் குற்றச்சாட்டு ஒன்று, பாடசாலை வட்டக் குற்றச்சாட்டு ஒன்று என இரண்டையும் பத்திரத்தில் எழுதுவர். பின்னர், ‘நீ குற்றத்தை ஒப்புக்கொண்டால் இரண்டாவதை நீக்குகின்றோம்’ என்பர். கட்டாயச் சிறைக்கு அஞ்சியவன், விசாரணை வேண்டாமென ஒப்புக்கொள்வான். வழக்கை உரைத்துப் பார்க்கும் உரைகல் அங்கே பயன்படாது போகின்றது.

நியூ ஜேர்சி மாநிலம் 1987இல் தன் வட்டத்தை வரைந்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2005இல், அம்மாநிலம் அமைத்த தண்டனை மீளாய்வு ஆணைக்குழு வரைபடத்தை விரித்துப் பார்த்தது. நெவாக் என்னும் மாநகரில் 76 விழுக்காட்டு நிலம் வட்டங்களுள் அடங்கிக் கிடந்தது. பாடசாலைகள் நெருங்கிய நகரத்தில் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஊரையே விழுங்கிவிட்டன. அச்சட்டத்தாற் சிறை சென்றோருள் 96 விழுக்காட்டினர் கறுப்பினத்தவரும் ஸ்பானிய வழியினரும் ஆவர். வெள்ளையர் வாழும் புறநகர்களிலும் நாட்டுப்புறங்களிலும் பாடசாலைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தமையால், அங்கே அதே குற்றத்தைச் செய்தவன் வட்டத்துக்கு வெளியே நின்றான். சட்டத்தில் நிறம் எழுதப்படவில்லை, அடிக்கணக்கே எழுதப்பட்டது. விளைவில் நிறம் தெரிந்தது. 2010ஆம் ஆண்டு தை மாதத்தில், கட்டாயச் சிறையைத் தளர்த்தும் அதிகாரத்தை அம்மாநிலம் நீதிபதிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. மாசசூசெற்ஸ் மாநிலமோ 2012இல் ஆயிரம் அடியை 300 அடியாகக் குறுக்கி, காலை ஐந்து மணி முதல் நள்ளிரவு வரையே வட்டம் உண்டென்று வரையறுத்தது. இந்தியானா, தெனசி முதலியனவும் பின்னர்த் தம் வட்டங்களைக் குறைத்தன.

இங்கே ஒரு தடையைக் கூறவேண்டும். என்னோடு கணிதம் கற்பிக்கும் நண்பர் இவற்றைக் கேட்டுவிட்டு, “பண்டிதர், நீங்கள் குற்றவாளிக்காகப் பரிந்து பேசுறியள். வாசலிலே நிண்டு பிள்ளைக்கு ரொபி கொடுக்கிற மாதிரிக் கொடுக்கிறவனுக்குப் பயம் வேண்டாமே?” என்றார். வேண்டும். பாடசாலை விடும் நேரத்தில், வாயிலில் நின்று, சீருடையணிந்த பிள்ளைக்கு நஞ்சை விற்பவன் வேறோர் இனக் குற்றவாளி. அவனையும், இரவில் ஒழுங்கை வழியே தன் அடிமைத்தனத்தைச் சட்டைப்பையிற் சுமந்து செல்பவனையும் ஒரே தட்டில் வைப்பதையே நான் மறுக்கின்றேன். அடிக்கணக்கு இவ்விருவரையும் பிரித்தறியாது.

பிரித்தறிய வழி இல்லாமலில்லை. 1988ஆம் ஆண்டு வியன்னாவில் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை, கல்வி நிலையத்திலோ அதன் அண்மையிலோ, மாணாக்கர் விளையாட்டுக்கும் கல்விக்குமாகக் கூடும் பிறவிடங்களிலோ குற்றம் நிகழ்ந்ததாயின், அதனைக் குற்றத்தின் கொடுமையைக் கூட்டும் நிலையாக நீதிமன்றங்கள் கருத இடமளிக்குமாறு நாடுகளைக் கேட்டது. அதில் அடிக்கணக்கு இல்லை. இந்தியா தன் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தில் 2001இல் 32ஆ என்னும் பிரிவைச் சேர்த்தபோது இவ்வழியையே தழுவியது. குறைந்தபட்சத் தண்டனைக்கு மேலே விதிக்க நினைக்கும் நீதிபதி கருதத்தக்கவை இவை என அப்பிரிவு சிலவற்றைக் கூறும். இளையோர் பாதிக்கப்பட்டனரா, கருவியாக்கப்பட்டனரா என்பது அவற்றுள் ஒன்று. கல்வி நிலையத்தின் அருகே நிகழ்ந்ததா என்பது மற்றொன்று. ‘இருமடங்கு ஆக்குக’ என்று அது ஆணையிடவில்லை. ஆராய்க என்கின்றது. புகையிலையைப் பொறுத்தமட்டில் அதே இந்தியா 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கல்வி நிலையத்தைச் சுற்றி 100 யார் தூரத்துக்கு விற்பனையைத் தடுத்தது. கடைக்கு எல்லை வகுப்பதில் எனக்கு மறுப்பில்லை. கடை அசையாது. அளக்கலாம். மனிதன் நடமாடுபவன்.

தமிழாசிரியனாகிய நான் வள்ளுவரைத் தொடாமற் செல்ல இயலாது. ‘வெருவந்த செய்யாமை’ என 57ஆம் அதிகாரத்துக்குப் பெயர் வைத்தார். குடிகள் அஞ்சி நடுங்குவனவற்றை அரசன் செய்யாமை என்பது பொருள். அதன் முதற் குறள், குற்றத்தைத் தக்கவாறு ஆராய்ந்து, அது மீண்டும் நிகழாவண்ணம், குற்றத்துக்கு ஒத்த அளவில் ஒறுப்பவனே வேந்தன் என்னும் கருத்துடையது. ஆராய்தல் முன், ஒறுத்தல் பின். அடுத்து இளங்கோவடிகளை எண்ணுகின்றேன். கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்தது. கையில் இருந்ததே குற்றம் என்றாயிற்று. அஃது எவ்வாறு வந்தது, யாருடையது, உள்ளே இருந்த பரல் யாது என்று பாண்டியன் வினவவில்லை. உடைமையையே குற்றமாகக் கொள்ளும் சட்டங்களை இப்பொழுது படிக்குந்தோறும் அக் கொலைக்களக் காதையே என் கண்முன் வருகின்றது. என் மாணவன் கோவலன் அல்லன். அவன் கையில் இருந்தது மெய்யாகவே நஞ்சு. எனினும் அஃது அவன் கைக்கு வந்த கதையை எவரும் கேட்கவில்லை என்பதில் இருவரும் ஒப்பர்.

நான் ஒருநாள் கேட்டேன். அதைச் சொல்லுமுன் வட்டத்தைப் பற்றிய ஒரு சிறு சோதனையைக் கூறிவிடுகின்றேன்.

வவுனியா நகரத்தின் படம் ஒன்றை மேசையில் விரித்து, நகரத்துப் பாடசாலை ஒவ்வொன்றையும் சுற்றி அமெரிக்க அளவின்படி பென்சிலால் வட்டமிட்டேன். நகரின் நடுப்பகுதியிற் பெரும்பங்கு வட்டங்களுள் மறைந்தது. நெவாக் கதையே இங்கும். அதன்பின், விளையாட்டுப் போட்டிக்குத் திடலை அளக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு, அந்தக் குளக்கட்டுக் கிராமத்துப் பாடசாலைப் படலையிலிருந்து வீதிவழியே 305 மீற்றரை அளந்தேன். உயர்தர மாணவர் இருவர் நாடாவைப் பிடித்தார்கள். அளவு முடிந்த இடம் ஒரு வயல்வரம்பு. அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் குளக்கட்டு, மறுபக்கம் பாலை மரங்கள். வீடு ஒன்றுமில்லை. அப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுட் பலர் மூன்று மைலுக்கு அப்பாலிருந்து வருகின்றார்கள். முத்தையன்கட்டுப் பக்கமும், துணுக்காய்ப் பக்கமும், அக்கராயன், வன்னேரிக்குளம் பக்கமும் பிள்ளைகள் நெடுந்தூரம் சைக்கிளில் வருவதையும், பஸ்ஸுக்காக வீதியில் நெடுநேரம் காத்துநிற்பதையும் வன்னியிற் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் அறிவர். அவர்களுக்கு ஆபத்து மதிலருகே இல்லை. காட்டோரத்து வளைவிலும், பூட்டிய கடையின் திண்ணையிலும், பஸ் வராத மாலைப்பொழுதிலும் இருக்கின்றது. நகரத்தில் வட்டம் எல்லாரையும் விழுங்கும். காட்டுக் கிராமத்தில் அஃது எவரையும் காவாது.

பிணையில் வந்த பின் ஒருநாள் அவன் என் வீட்டுக்கு வந்தான். மெலிந்திருந்தான். வீட்டார் தேநீர் கொடுத்தார்கள். கை நடுங்கியதால் கோப்பையைத் தரையில் வைத்துக் குடித்தான். முதன்முதல் எப்போது என்றேன். பத்தாம் வகுப்பில் என்றான். பஸ் தவறிய நாளொன்றில், மோட்டார்ச் சைக்கிளில் ஏற்றிச்சென்ற ஓர் ஆள், சிறு பொட்டலம் ஒன்றைக் கொடுத்து இன்ன சந்தியில் இன்னாரிடம் சேர்க்கச் சொன்னானாம். ஐந்நூறு ரூபா கிடைத்ததாம். புத்தகப்பையை எவரும் சோதிக்கமாட்டார் என்று அவ்வாள் சொன்னது அவனுக்கு இன்றும் நினைவிருக்கின்றது. ஏழெட்டுத் தடவை சுமந்தான். பின்பு பணத்துக்குப் பதிலாகப் பொருளையே கொடுக்கத் தொடங்கினார்கள்.

அப்போது அவனுக்கு வயது பதினைந்து. அந்நாளில் அவன் என் வகுப்பில், சன்னலோரத்தில், இரண்டாம் வாங்கில் இருந்தான். அலகிடும்போது அவன் பிழைவிடத் தொடங்கியதைக் கண்டேன். காதல் கீதல் ஏதேனும் இருக்கும் என எண்ணி இரண்டு தரம் ஏசினேன். வேறொன்றும் கேட்டிலேன்.

இதனைச் சட்டத்தரணியிடம் கூறியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு ஒரு நூலை எடுத்துப் புரட்டிக் காட்டினார். நம் தண்டனைச் சட்டக்கோவையில் 1998ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கத் திருத்தம் சேர்த்த பிரிவு அது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தடைசெய்த பொருட்களைக் கடத்துவதற்கு அமர்த்துவதும், தூண்டுவதும், பயன்படுத்துவதும் தனிக்குற்றம். ஐந்தாண்டுக்குக் குறையாத, ஏழாண்டுக்கு மேற்படாத சிறை. பாடசாலை எத்தனை அடியில் இருந்தது என்று அப்பிரிவு கேட்கவில்லை. பிள்ளையை என்ன செய்தாய் என்று கேட்கின்றது. நாம் வேண்டி முழங்கும் சட்டம் கால் நூற்றாண்டுக்கு முன்னரே ஏட்டில் ஏறிவிட்டது. ஆசிரியர் கூட்டங்களில் அதன் பெயரைக்கூட ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

“அந்த ஆளின்ர பேரைப் பெடியன் சொல்லுவானே ஐயா?” என்றார் சட்டத்தரணி. அவனுக்குச் சிகிச்சை பெற்றுக்கொடுக்க 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்வழி மன்றை வேண்டலாம் என்றும், மற்றது அவன் வாய்மொழியில் தங்கியிருக்கின்றதென்றும் விளக்கினார்.

இச்செய்தியோடு அம்மையாரைத் தேடிப் போனேன். பஸ் நிற்குமிடத்திற் கண்டேன். அடுத்த தவணைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் முந்தானை நுனியை விரலிற் சுற்றிக்கொண்டே நின்றார். பின்பு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“பேரைச் சொன்னா, பிறகு நாங்கள் இந்த ஊரில இருக்கேலுமே, ஐயா?”

முதல் வினாவுக்கு ஒரு கிழமையில் விடை தேடிக் கொடுத்தேன். இதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. மாங்குளம் போகும் பஸ் வந்தது. அவர் ஏறினார். நடத்துநர் அவரிடம் மிகுதிச் சில்லறையைக் கொடுப்பதையும், அவர் அதனை எண்ணாமலே மடியிற் செருகுவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.